வலி நின்றால் கல் போய்விட்டதாக அர்த்தமா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. இன்னமும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறார். இனிப்புநீருக்கு (நீரிழிவு) மாத்திரை சாப்பிடுகிறார். மேல்வயிற்றில் வலி வருவதும் போவதுமாக ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. கேஸ்டிரிக் என்று மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு மறுநாள் இரவு துடித்துப்போய்விட்டார். பிறகு ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் நிறைய சின்னக் கற்கள் என்று தெரிந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று அம்மா ஐந்து நாள் ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டு, கடைசி நாள் ராத்திரி ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தார். காலையில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வெளியே வந்தன. அன்றிலிருந்து வலியே இல்லை. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடமும் எடுத்துவிட்டார். 'கல்லெல்லாம் போயாச்சு, எதுக்கு என்னை அறுக்கணும்' என்கிறார். பித்தப்பையை எடுத்தால் சாப்பாடு செரிக்காது என்ற பயமும் இருக்கிறது. இன்னொன்று, என் தாய்மாமாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் கணையம் வீங்கி, பல நாள் ஐசியூவில் கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கும் இனிப்புநீர் வந்துவிட்டது. 'ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் தம்பிக்கு அந்த வியாதி வந்தது' என்று அம்மா அடித்துச் சொல்கிறார். லீவு எடுத்தால் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஏசுவாரே என்ற கவலை வேறு. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷன் தேதியை ரத்து செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அம்மாவின் பித்தப்பையில் கற்கள் அப்படியே இருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'டாக்டர் சொல்லிவிட்டார்' என்று மட்டும் நீங்கள் போய் நின்றால் அம்மா கேட்கமாட்டார். வலித்தது அவருக்கு, வலி நின்றதும் அவருக்கு. அந்த அனுபவத்துக்குச் சரியான விளக்கம் கிடைத்தால்தான் அவர் மனம் மாறும்.

முதலில் அந்தப் பச்சை உருண்டைகள். ஒரு கோப்பை ஆலிவ் எண்ணெயை எலுமிச்சைச் சாறோடு வெறும் வயிற்றில் குடித்தால், செரிமான நொதிகள் அந்த எண்ணெயை உடைக்கும். உடைந்த கொழுப்பு அமிலங்கள் கெட்டிப்பட்டு ஒரு வகை சோப்பாகத் திரளும். பித்தநீரின் நிறம் அதில் ஏறுவதால் பச்சையாக இருக்கும். இதே வைத்தியத்தைச் செய்துகொண்ட ஒரு பெண்மணி, வெளியே வந்த உருண்டைகளை எடுத்து வைத்து மருத்துவர்களிடம் கொடுத்தார். அவற்றைப் பரிசோதித்து 2005இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். 40 டிகிரி வெப்பத்திலேயே அவை உருகி எண்ணெயாகிவிட்டன. பித்தக் கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்ட்ரால், பிலிருபின், சுண்ணாம்பு எதுவுமே அவற்றில் இல்லை. பித்தப்பையில் கல்லே இல்லாத ஒருவர் இந்தக் கலவையைக் குடித்தாலும் இதே உருண்டைகள் வரும். அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவை கையில் மசியும்படி மெழுகாக இருந்தனவா, கெட்டியாக இருந்தனவா? மெழுகாக இருந்தன என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

அந்த அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த வைத்தியத்தை அம்மா இன்னொரு முறை செய்யக்கூடாது. இனிப்புநீர் உள்ளவருக்கு ஐந்து நாள் ஆப்பிள் ஜூஸ் என்பது ஐந்து நாள் சர்க்கரைத் தண்ணீர்தான். அதைவிடக் கவலை அந்த எண்ணெய். அவ்வளவு கொழுப்பு ஒரே நேரத்தில் குடலுக்குள் இறங்கினால் பித்தப்பை முழு வேகத்தோடு சுருங்கும். உள்ளே சின்னக் கற்கள் இருக்கும்போது அப்படிச் சுருங்குவது நல்லதல்ல. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அப்படியென்றால் வலி எப்படி நின்றது? அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அம்மா தைப்பூசத்துக்கு விரதம் இருந்திருக்கிறார். ஆட்டுக்கறி இல்லை, கோழி இல்லை, எண்ணெயில் பொரித்தது குறைவு.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. சாப்பாடு இல்லாத நேரத்தில் அதில் ஒரு பகுதி பித்தப்பைக்குள் போய்ச் சேர்ந்து, தண்ணீர் வற்றிக் கெட்டியாகிறது. பை சின்னதுதான், 30 முதல் 50 மில்லி பிடிக்கும். கொழுப்புள்ள உணவு குடலுக்கு வந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்க வைக்கும். அப்போது உள்ளே இருக்கும் கல் பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால் வலி. அது நழுவித் திரும்பவும் பைக்குள் விழுந்துவிட்டால் வலி போய்விடும். கல் எங்கேயும் போயிருக்காது. தீபாவளிக்கு ஆட்டுக்கறியும் முறுக்கும் நெய்யுருண்டையும் சாப்பிட்ட மறுநாள் இரவு அம்மா துடித்ததற்கும், விரத நாட்களில் ஒரு வலியும் இல்லாமல் இருந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். விரதம் முடிந்துவிட்டது. இனி ஒரு கல்யாண விருந்து போதும்.

இந்த வலியை ஒரு வருடமாக கேஸ்டிரிக் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். தோட்டப்புறத்தில் இது எனக்குப் பழகிப்போன கதை. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போக வேண்டும், காலையில் வெறும் டீயும் நாலு பிஸ்கட்டும், பசி ஆறும்போது பத்து பதினொரு மணி. நெஞ்சுக்குழியில் வலித்தால் எல்லாருமே கேஸ்டிரிக் என்றுதான் சொல்வோம். பித்தப்பை வலியும் பலருக்கு அதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் குணம் வேறு. சாப்பிட்ட பிறகோ நள்ளிரவிலோ வரும். வந்தால் அரை மணிக்குக் குறையாமல், சில சமயம் நாலைந்து மணி நேரம் ஒரே சீராக அழுத்தும். வலது விலா எலும்புக்கு அடியிலும் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் பரவும். கேஸ்டிரிக் மருந்து குடித்தாலும் ஏப்பம் விட்டாலும் அடங்காது. குமட்டல் இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுவிடும், அடுத்தது ஒரு மாதம் கழித்துக்கூட வரலாம். இந்தக் குணத்தோடு வலி வந்து, கேஸ்டிரிக் மருந்துக்குக் கேட்கவில்லை என்றால், அதே மருந்தை மூன்றாவது தடவை வாங்குவதற்கு முன் 'ஸ்கேன் எடுக்கலாமா டாக்டர்' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போனால் போதும். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. பித்தப்பைக்குள் இருக்கும் கற்களில் பெரும்பாலானவற்றை அதில் கண்டுபிடித்துவிடலாம்.

காலையில் சாப்பிடாமல் நெடுநேரம் இருப்பதும் கல் உருவாவதற்குத் துணை போகும். பை சுருங்காமல் பித்தநீர் தேங்கிக் கிடப்பதுதான் காரணம். இதோடு பெண்ணாக இருப்பது, நாற்பது வயதைத் தாண்டியது, பல பிரசவங்கள், உடல் எடை, இனிப்புநீர், அவசரமாக எடை குறைப்பது, குடும்பத்தில் வேறு யாருக்காவது கல் இருப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும். உங்களுக்கும் வருமோ என்று பயப்பட வேண்டாம். வலி இல்லாதவரை நீங்கள் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. பித்தக் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆயுசுக்கும் தொந்தரவு தருவதில்லை. தொந்தரவு தராத கல்லை நாங்களும் தொடுவதில்லை. ஒரு முறை வலித்துவிட்டால் கணக்கு வேறு. வலித்த கல் திரும்பவும் வலிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். 'நிறைய சின்னக் கற்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய கல் என்றால்தான் ஆபத்து, சின்னதென்றால் தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. பெரிய கல் பித்தப்பையை விட்டு வெளியே போகமுடியாது. சின்னக் கல் கழுத்து வழியாக நழுவி, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்துக்குள் இறங்கிவிடும். அந்த நாளமும் கணையத்திலிருந்து வரும் நாளமும் சிறுகுடலுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு ஒன்றுசேர்ந்து ஒரே வாசல் வழியாகத் திறக்கின்றன. கல் அந்த வாசலில் சிக்கினால் இரண்டு பக்கமும் அடைபடும். பித்தநீர் திரும்பினால் மஞ்சள் காமாலை. கணையநீர் திரும்பினால், சாப்பாட்டைச் செரிக்க வைக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தைச் செரிக்கத் தொடங்கும். இதைத்தான் கணைய அழற்சி என்கிறோம். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் யூஜீன் ஓப்பி 1901இலேயே, கணையம் வீங்கி இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது அந்த வாசலில் ஒரு சின்னக் கல் அடைத்திருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். கணையத்தைப் படுக்க வைத்தது அவ்வளவு சின்ன ஒரு கல்.

உங்கள் மாமாவுக்கு வந்ததும் கணைய அழற்சிதான். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அதற்கு முதல் இரண்டு காரணங்கள் பித்தக் கல்லும் மதுவும்தான். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அளவுக்குமீறி ஏறினாலும் வரும். மாமா குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவர் என்றால், அதிலும் மலிவு விலை சம்சு என்றால், காரணம் பெரும்பாலும் அதுதான். குடிக்காதவர் என்றால் அவருடைய பித்தப்பையை யாராவது ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். பார்க்கவில்லை என்றால் இப்போதாவது பார்க்க வேண்டும். கல் அங்கேயே இருந்தால் அடுத்த தாக்குதல் எப்போது வேண்டுமானாலும் வரும்.

அவருக்கு இனிப்புநீர் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொள்ளவில்லை. இன்சுலினைச் சுரப்பதும் இதே கணையம்தான். சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் ஒரு சுரப்பி. செரிமான நொதி ஒரு வேலை, இன்சுலின் இன்னொரு வேலை. கணைய அழற்சியில் ஐந்து பேரில் நாலு பேருக்கு அது லேசாக வந்து ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். மீதி ஒருவருக்குக் கணையத்தின் ஒரு பகுதி அழுகிப் போகும், சிறுநீரகமும் நுரையீரலும் திணறும். ஐசியூ வரை போனவர் என்பதால் மாமா அந்த ஒருவராக இருந்திருப்பார். இன்சுலின் சுரக்கும் பகுதி சேதமானால் இனிப்புநீர் வரும். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் இனிப்புநீர் வருவதற்கு அவர் இருந்திருக்கவே மாட்டார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தம்பியைப் படுக்கையில் பார்த்த பயம் அவர் மனதில் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. தம்பிக்கு வந்தது தனக்கு வரக்கூடாது என்றால் அதற்கு வழிதான் இந்த ஆபரேஷன்.

ஆபரேஷனைப் பற்றி. பித்தப்பையை எடுக்கும் அறுவை 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்தது. அப்போதிலிருந்து நூறு வருடத்துக்கு விலாவுக்கு அடியில் ஒரு சாண் கிழித்துத்தான் செய்தார்கள். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே, கேமராவும் சின்னத் துளைகளும் வைத்து அதைச் செய்து காட்டினார். இன்று உலகெங்கும் அதுதான் வழக்கம். முழு மயக்கம் கொடுத்து, தொப்புள் அருகில் ஒன்று, மேல்வயிற்றில் மூன்று என்று பொதுவாக நாலு சிறு வெட்டுகள். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா மனதில் 'அறுப்பது' என்றால் அந்தக் காலத்துக் கிழிசல்தான் இருக்கும். தெரிந்தவர்களில் யாராவது இந்த ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால், அவர் வயிற்றைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். தழும்பைத் தேட வேண்டியிருக்கும்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக்கூடாதா என்று கேட்பார். கல்லை உண்டாக்குவதே அந்தப் பைதான். விட்டுவைத்தால் திரும்ப உண்டாகும். கல்லைக் கரைக்க உர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம் என்று ஒரு மாத்திரை உண்டு. அது சுண்ணாம்பு ஏறாத சின்னக் கொலஸ்ட்ரால் கற்களைத்தான் கரைக்கும். மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடம் விழுங்க வேண்டும். கரைந்தாலும் பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் கல் வந்துவிடும். ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காதவர்களுக்கு அது ஒரு வழி. உங்கள் அம்மாவுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பை போனால் செரிமானம் நிற்காது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே. பை இல்லாவிட்டால் பித்தநீர் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் சில வாரம் சிலருக்கு எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வயிறு இளகிப் போகும், பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஒரு சிலருக்கு நீடிக்கும், அதற்கு மருந்து உண்டு. அடுத்த தீபாவளிக்கு ஆட்டுக்கறி சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம், அளவாக. அந்த அளவு பித்தப்பை போனதால் வந்ததல்ல, இனிப்புநீருக்காக ஏற்கெனவே இருக்க வேண்டியது.

ஆபத்தே இல்லாத ஆபரேஷன் கிடையாது. இதில் நாங்கள் அஞ்சுவது, பித்தப்பையை வெட்டி எடுக்கும்போது பொதுப் பித்தநாளத்தில் காயம் படுவது. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேரலாம், நேர்ந்தால் சரிசெய்ய இன்னொரு பெரிய ஆபரேஷன் வேண்டியிருக்கும். உள்ளே ஒட்டிப்போய்க் கிடந்தால் துளை வழியில் தொடங்கிப் பாதியில் திறந்து செய்ய வேண்டிவரும். அது தோல்வியல்ல, நோயாளியின் பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு. பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்த பிறகு அவசரத்தில் செய்தால் இந்த ஆபத்துகள் கூடும். வலி இல்லாத, வீக்கம் இல்லாத நேரத்தில் செய்வது எவ்வளவோ மேல். அம்மாவுக்கு இப்போது இருப்பது அந்த நல்ல நேரம். வலி நின்றதை ஆபரேஷனை விடுவதற்குக் காரணமாக அவர் பார்க்கிறார். போய்ச் செய்துகொள்வதற்கு அதுவே சரியான தருணம் என்று நான் பார்க்கிறேன்.

இனிப்புநீர் உள்ளவர் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. இனிப்புநீர் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். பித்தப்பை வீங்கி அழுகும் நிலைக்குப் போனாலும் சிலருக்கு வலி பெரிதாகத் தெரியாது. ஆகவே அம்மாவுக்கு வலியை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். வலி ஐந்தாறு மணி நேரத்துக்குமேல் நீடித்தாலோ, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தே-ஓ (பால் கலக்காத டீ) நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்துப் போனாலோ, மேல்வயிற்று வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போய் வாந்தி நிற்காமல் இருந்தாலோ, காரணமில்லாமல் இனிப்பு அளவு ஏறிக்கொண்டே போனாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவு. வண்டி இல்லையென்றால் 999. போனதும் 'பித்தப்பையில் சின்னக் கற்கள் இருக்கின்றன, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லி ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அதை ஒரு படம் எடுத்து உங்கள் கைப்பேசியிலும் அம்மாவின் கைப்பேசியிலும் வைத்திருங்கள்.

கண் மஞ்சளானால் நம் வீடுகளில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது வழக்கம். கல் அடைத்து வரும் காமாலையில் எந்த இலையும் அடைப்பைத் திறக்காது. காய்ச்சலோடு சேர்ந்து வந்தால் தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகி இரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். அப்போது வாய்வழியாக ஒரு குழாய்க் கேமராவை விட்டு அந்த வாசலைத் திறந்து கல்லை எடுப்பார்கள். அதற்கு மணிக்கணக்கு முக்கியம். அம்மா காமாலைக்காக மூன்று நாள் பத்தியம் இருக்க நீங்கள் விடக்கூடாது.

ஆபரேஷன் வரை சாப்பாடு எப்படி? பட்டினி வேண்டாம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இட்லியோ ஓட்ஸோ கொஞ்சமாவது சாப்பிட வேண்டும். ரொட்டி சானாய், நாசி லெமாக், கெட்டித் தேங்காய்ப்பால் கறி, பொரித்த கோழி இந்த ஒரு மாதம் வேண்டாம். மெலிந்துபோய் ஆபரேஷனுக்குப் போகலாம் என்று திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம், அது கல்லைக் கூட்டும். இனிப்புநீர் மாத்திரைகள் எல்லாவற்றையும் உறையோடு எடுத்துக்கொண்டுபோய், எதை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் பதில் வேறு.

மாமாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஒருமுறை கணையம் வீங்கியவருக்குப் பியரும் கிடையாது, 'கொஞ்சம் மட்டும்' என்பதும் கிடையாது. சிகரெட்டும் கணையத்தைக் கெடுக்கும். நாள்தோறும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். ஆகவே கிளினிக்கில் சொல்லி மருந்தோடு நிறுத்த வேண்டும். அவர் மெலிந்துகொண்டே போனால், மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்தால், நொதி குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மாத்திரை உண்டு.

மண்டோர் ஏசுவார் என்று ஆபரேஷனைத் தள்ளுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, சாதாரண மருத்துவ விடுப்பு போக, மருத்துவமனையில் இருக்க வேண்டிவந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து இவை இரண்டும் தனித்தனிக் கணக்கு. தேதி கிடைத்த கடிதத்தின் நகலை இப்போதே தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கி, விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், இதில் மட்டும் தவறாதீர்கள். குத்தகையாளர் கீழே வேலை என்று தட்டிக்கழித்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேளுங்கள். வீட்டு வேலைகளை ஓரிரு வாரத்தில் தொடங்கலாம். ஆனால் உதிரிப் பழ மூட்டை தூக்குவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகவேண்டும். எம்சி எழுதும் டாக்டருக்கு அம்மா என்ன வேலை செய்கிறார் என்பது தெரியாது. 'தோட்ட வேலை, மூட்டை தூக்குவார்' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொல்லியும் அம்மா நம்பவில்லை என்றால் வாக்குவாதம் செய்யாதீர்கள். தேதிக்கு முன்னால் சிறப்பு மருத்துவர் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கட்டணம் 5 ரிங்கிட்தான். பச்சை உருண்டைக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். 'அம்மாவுக்கு இன்னொரு ஸ்கேன் எடுக்க முடியுமா, திரையை அவர் பார்க்கும்படி திருப்ப முடியுமா' என்று கேளுங்கள். கருப்பாகத் தெரியும் பித்தப்பைக்குள் கற்கள் வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும், அவற்றுக்குக் கீழே கருநிழல் விழும். அம்மாவை இடதுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லும்போது அந்தப் புள்ளிகளும் உருண்டு இடம் மாறும். அதை அவர் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். ஒரு கல்லும் இல்லையென்று ஸ்கேன் சொன்னால் தேதியை ரத்து செய்வதில் எனக்கும் மறுப்பில்லை.